குடிநீர் மாதிரி

தொட்டமேடு
4.10.1992

அதியாம்மாவுக்கு,

என் எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. 'ழ' போடும்போது கை ஒரு சுற்று கூடுதலாகப் போகிறது. எந்த 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. புரியாத இடத்தை உரக்கப் படித்துப் பாருங்கள், காதுக்குப் புரியும்.

நான் திம்மப்பன். நிலக்கரி எரிக்கிற கம்பெனிக்காரர்கள் லாரியில் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அந்தப் பழைய கல்குவாரிக் குழி, அதற்குக் கிழக்கே முதல் கிணறு என்னுடையது. நீங்கள் கிருஷ்ணகிரி ஆபீஸிலிருந்து மாதாமாதம் வந்து தண்ணீர் எடுத்துப் போவீர்கள். அறுபது தாண்டிய கிழவன் எப்படிக் கடிதம் எழுதினான் என்று ஆச்சரியப்படுவீர்கள். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இது என் வாழ்க்கையில் நான் எழுதுகிற முதல் கடிதம். உங்கள் விலாசத்தை உங்கள் ஆபீஸ் பாஸ்கரன் சாரிடமிருந்து பஸ் கண்டக்டர் வாங்கி வந்து கொடுத்தார்.

பஞ்சாயத்து டி.வி. அறையில் அறிவொளி வகுப்பு நடக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற முனிலட்சுமி, ஷிப்டு முடிந்து வந்து சொல்லிக்கொடுக்கிறாள். என் வீட்டுக்காரி சென்னம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "பாருங்கடி, புது மாப்பிள்ளை மாதிரி பலகையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு" என்று தெருவுக்கே சொல்கிறாள். சொல்லட்டும். பஸ் போர்டில் தேன்கனிக்கோட்டை என்று எழுதியிருப்பதை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அதற்காக அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து மிச்சத்தைப் படித்திருக்கிறேன்.

பாட்டில் விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். சுரங்க ஊருக்குப் பயிற்சிக்குப் போகும்போது நீங்கள் காலி பாட்டில்களைக் கொடுத்து, மாதம் ஒன்றாக நிரப்பி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னீர்கள். ஒரு மாதமும் தப்பவில்லை. முதல் மாதம் எழுத்து தெரியாமல் ஏதோ நிரப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டை நானே படித்து, அதில் சொல்லியிருக்கிறபடி ஒழுங்காக நிரப்பி அனுப்புகிறேன்.

இதை எழுதி முடிக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. கை வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனமில்லை.

இப்படிக்கு,
திம்மப்பன் (கையெழுத்து. கைநாட்டு அல்ல.)


சுரங்கக் குடியிருப்பு
13.10.1992

அன்புள்ள திம்மப்பன் தாத்தா,

உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் காட்டினேன். எழுத்து கோணல்தான், ஆனால் ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. உங்களுக்காக நானும் பெரிய எழுத்தில் இடம் விட்டு எழுதுகிறேன்.

இங்கே பூமியைப் பெரிதாகத் தோண்டி நிலக்கரி எடுக்கிறார்கள். தோண்டத் தோண்டக் குழிக்குள் ஊற்று பாய்கிறது. அதை இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் கிணறுகள் கீழே போய்விட்டன, சிலவற்றில் தண்ணீர் துரு வாடை அடிக்கிறது. நாங்கள் ஊர் ஊராகப் போய் ஆழம் அளந்து, தண்ணீர் எடுத்து வந்து சோதிக்கிறோம். இங்கே தெலுங்குதான். நம் ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கை நான் பேசினால் கிணற்றடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் கிணறு தேறிவிட்டது. போன கோடையில் நான் எடுத்தபோது உப்பும் சல்பேட்டும் ஏறிக்கொண்டே இருந்தன. ஜூலையிலிருந்து சட்டென்று இறங்கிவிட்டன. கம்பெனிக்காரர்கள் அந்தச் சமயத்தில்தான் சாம்பல் குழியைச் சுற்றிக் களிமண் பூசினார்கள், இல்லையா? அதன் பலன் என்று எங்கள் அதிகாரி எழுதியிருக்கிறார். நானும் இங்கே வகுப்பில் உங்கள் கிணற்றைப் படமாக வரைந்து, களிமண் பூச்சால் நிலத்தடி நீரைக் காப்பாற்ற முடியும் என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய பொறியாளர் ஒருவர் என் பேச்சை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். தொட்டமேடு என்ற பெயரை இந்த ஊரில் இப்போது நிறையப் பேருக்குத் தெரியும்.

ஒன்று கேட்க மறந்தேனே. சீட்டில் சொல்லியிருக்கிறபடி நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டில் எப்படி நிரப்புவது என்றெல்லாம் எதுவும் இருக்காதே. அவசரத்தில் ஆபீஸில் கைக்குக் கிடைத்த சீட்டை எடுத்து ஒட்டினேன். அதில் என்ன படித்தீர்கள்?

அன்புடன்,
அதியா


தொட்டமேடு
25.10.1992

அதியாம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். நான் முடிப்பதற்குள் சென்னம்மாள் பொறுமை இழந்து, "அந்தம்மா திரும்பி வந்தே சொல்லிடும் போல இருக்குது" என்றாள்.

சீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் 'குடிநீர் மாதிரி' என்று அச்சடித்திருக்கிறது. முதல் தடவை படித்து முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை அது வெறும் காகிதம், இப்போது என்னிடம் பேசுகிறது. பாட்டிலில் இருப்பது குடிநீர் மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. என் கிணற்றுத் தண்ணீர் குடிநீர் மாதிரி இல்லை. போன கோடையிலிருந்து நாங்கள் அதைக் குடிப்பதில்லை, வாயில் வைத்தால் கரிக்கிறது. சர்க்கார் ஆபீஸுக்கு அதையா அனுப்புவது? வீட்டுக்கு வந்தவர்களுக்கே அந்தத் தண்ணீரைக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் ஏரிக்கரை அடிபம்பிலிருந்து சென்னம்மாள் கொண்டு வரும் தண்ணீரை, துணியில் வடிகட்டி, கழுத்துவரை நிரப்பி அனுப்புகிறேன். முதல் மாதம் தெரியாமல் கிணற்றுத் தண்ணீரையே அனுப்பிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

நீங்கள் என் கிணறு தேறிவிட்டது என்று எழுதியிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு வாளி இறைத்துப் பார்த்தேன். அதே மஞ்சள்தான். "அவங்க மிசினுக்கு நாக்கு இல்லையா?" என்று சென்னம்மாள் கேட்டாள். படித்தவர்கள் சொன்னால் உள்ளுக்குள் ஏதாவது தேறியிருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. குழி நிரம்பிவிட்டது, கம்பெனி இன்னொரு குழி கேட்கிறது. அவர்கள் கேட்கிற இடம் பூவம்மாளின் நிலத்தை ஒட்டியது. பூவம்மாளை உங்களுக்குத் தெரியும். எனக்குக் கீழ்க் கிணற்றுக்காரி, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பயிர் வைக்கிறவள். அவள் எழுந்து, "எங்கெணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது சார். மாடு மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்குது. இன்னொரு குழி வெட்டுனா நான் எங்க போறது?" என்றாள்.

வந்திருந்த தாலுகா ஆபீஸ் அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, குழிக்கு அடுத்து இருக்கிற கண்காணிப்புக் கிணத்துத் தண்ணியே எளநீர் மாதிரி இருக்குதுன்னு ரிசல்ட் சொல்லுது. அதையும் தாண்டி இருக்கிற உன் கெணறு மட்டும் எப்படிக் கெடும்? அடுப்பை ஒழுங்கா எரி, பருப்பு வேகும்" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். பூவம்மாள் கூட்டத்தை விட்டு வெளியே போய்விட்டாள். புதுக் குழிக்கு அனுமதி கொடுக்கிற கூட்டம் நவம்பர் பத்தொன்பதாம் தேதி.

கண்காணிப்புக் கிணறு என்றால் கம்பெனி வாட்ச்மேன் காவல் நிற்கிற கிணறுதானே? எங்கள் பக்கம் அப்படி ஒரு கிணற்றை நான் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள்.

திம்மப்பன்


சுரங்கக் குடியிருப்பு
2.11.1992

தாத்தா,

கண்காணிப்புக் கிணறு உங்கள் கிணறுதான்.

காவல் இருப்பதால் அந்தப் பெயர் இல்லை. மாதாமாதம் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே வருவதற்குத்தான் ஆபீஸில் அந்தச் சொல். அதிகாரி கூட்டத்தில் படித்த ரிசல்ட், நீங்கள் ஏரிக்கரை அடிபம்பிலிருந்து நிரப்பி அனுப்பியது.

'மாதிரி' என்று நீங்கள் படித்ததற்கு வேறொரு பொருள் உண்டு. இங்கே பாட்டில்களில் 'நமூனா' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நமூனாவைத்தான் தமிழில் மாதிரி என்று அச்சடித்திருக்கிறார்கள். குடிநீர் மாதிரி என்றால், இது குடிநீரின் நமூனா என்று பொருள். குடிநீர் போல இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. உங்கள் கிணற்றுக்கு 'நிலத்தடி நீர்' என்ற சீட்டுதான் ஒட்டியிருக்க வேண்டும். அதைத் தேட அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். முதலில் கோபம் வந்தது, அதுதான் உண்மை. கைதட்டியவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இந்த மாதப் பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி அனுப்புங்கள். அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள், வடிகட்ட வேண்டாம். ரிசல்ட் தானாக மாறும். களிமண் பூச்சில் விரிசல் விட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். நடந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தண்ணீரை ஆபீஸ் ஆள் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆள் இல்லை என்று சொல்லியிருந்தால் என்னை இந்தப் பயிற்சிக்கு விட்டிருக்க மாட்டார்கள். அதனால் பாஸ்கரன் நேரில் போவார் என்று மேலிடத்தில் சொன்னேன். பாஸ்கரனிடம் பாட்டில் பஸ்ஸில் வரும் என்று சொன்னேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது. இது வெளியே வந்தால் என் வேலைக்கே ஆபத்து.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அதியா


தொட்டமேடு
11.11.1992

அதியாம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்ததே இரண்டு கடிதம். அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள்.

நமூனா எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருஷமும் ராகி வாங்க லால் பாஷா வருவார். மூட்டையை அவிழ்த்துக் கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பார். அதுதான் நமூனா. மேலே நல்ல ராகியைப் பரப்பி அடியில் கல்லும் பதருமாக வைத்து ஏமாற்றுகிறவனை எங்கள் ஊரில் திருடன் என்போம். அப்படிச் செய்த ஒருவனோடு நான் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது அதே வேலையை நான் செய்திருக்கிறேன், அதுவும் துணியில் வடிகட்டி.

நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. முனிலட்சுமி வீட்டுக்கே வந்து, "என்னா தாத்தா, காய்ச்சலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பலகையைப் பார்த்தாலே முகம் சுடுகிறது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். இந்த மாதப் பாட்டிலை நீங்கள் சொன்னபடி அலசி நிரப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த ரிசல்ட் பத்தொன்பதாம் தேதிக்குள் வராது என்று கண்டக்டர் சொல்கிறார். அப்படியே வந்தாலும் தண்ணீர் இந்த மாதம்தான் கெட்டது என்று ஆகும். அடுப்பு எரிக்கத் தெரியாதவள் என்று பூவம்மாளுக்கு வந்த பெயர் அப்படியே இருக்கும். இப்போது சிறு பிள்ளைகள்கூட அவளைப் பார்த்தால் பருப்பு வெந்துச்சா என்று கேட்கிறார்கள்.

அதனால் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளலாம்.

அவள் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பேச வேண்டும் என்றதும், "சிரிக்கிறதுக்கு இன்னும் பாக்கி இருக்குதாண்ணா?" என்றாள். வரப்பில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எப்பலருந்து படிக்கிறே?"

"வைகாசியிலருந்து."

"படிக்காத வரைக்கும் நல்லாத்தானே இருந்தே. பாட்டிலை எங்கிட்ட குடுத்திருந்தா எழுத்தும் தெரியாது ஒண்ணும் தெரியாதுன்னு உங்கெணத்துத் தண்ணியையே ரொப்பியிருப்பேன்."

அவள் பிடுங்கிப் போட்ட செடிகளை எடுத்து அடுக்கினேன்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே. நீயுமா சிரிச்சே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அன்றைக்கு என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன்.

"சென்னம்மாக்கா?"

"அவ சிரிக்கல."

பிடுங்கிய செடியை உதறி மண்ணைத் தட்டினாள். "பத்தொம்பதாம் தேதி இதையே அங்க எல்லார் முன்னாலயும் சொல்லு. எங்கிட்ட சொன்னா எங்கெணறு நல்லாயிடுமா?" என்றாள். அப்புறம் போய்விடு என்பது போலக் கையைக் காட்டினாள்.

நான் சொல்லத்தான் போகிறேன். உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மாதாமாதம் வந்தீர்கள், உங்களுக்குத் தெரியாமல் நான்தான் பாட்டிலை மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலையா இருக்கிறது, போவதற்கு.

திம்மப்பன்


சுரங்கக் குடியிருப்பு
12.11.1992

தாத்தாவுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

நேற்று ஒரு ஊருக்குப் போயிருந்தோம். ஒரு பெண் குடத்திலிருந்த தண்ணீரை என் பாட்டிலில் ஊற்ற வந்தாள். வேண்டாம், கிணற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று தடுத்தேன். "இதுவும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டாள். விதி அப்படி என்றேன். சொல்லும்போதே என் வாய் குழறியது. கூட வந்தவர்கள் வெயில் என்று நினைத்தார்கள்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்களுக்கு எழுதினேனே, அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அறுபது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த மனிதருக்கு, கடிதத்தை எரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அதைவிடக் கேவலம் எனக்கு எதுவும் தெரியவில்லை.

இன்று காலை எங்கள் அதிகாரிக்கும், தாலுகா ஆபீஸுக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். ஜூலை முதல் நான்கு மாத ரிசல்ட்டும் செல்லாது, தவறான சீட்டை ஒட்டியது நான், நேரில் போகாமல் இருந்தது நான், கிணற்றுக்காரர்மேல் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறேன். என் பேச்சை எழுதித் தரச் சொன்ன பொறியாளரிடமும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, போம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

ஒரு தப்பு எங்கே தொடங்கியது என்று யோசித்தால் உங்களிடம் தொடங்கவில்லை. நீங்கள் ஒரு சொல்லைப் படித்ததற்காக வகுப்பை விட்டுவிடாதீர்கள்.

அதியா


தொட்டமேடு
6.12.1992

அதியாம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது என் கைக்குக் கிடைத்தது. ஒரு நாள் முன்னால் கிடைத்திருந்தால் அவ்வளவு பேருக்கு முன்னால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

பள்ளிக்கூடம் நிறைய ஆட்கள். கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"பெரியவரே, பாட்டில்ல தண்ணி ரொப்புனது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தானுங்க. ஏரிக்கரைப் பம்புத் தண்ணிங்க."

"அந்தம்மா வரலையா?"

"மாசாமாசம் வந்தாங்க. அவங்க பாக்காதப்ப நான்தான் மாத்திட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, "அந்தம்மா போயி ஆறு மாசமாவுதே தாத்தா" என்றார்கள். அதிகாரி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நான் ஒரு தடவைகூடப் போகலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இப்ப ரெண்டு பேர்ல யாரு சொல்றது நெசம்?" என்றார்.

மறுபடியும் கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. பூவம்மாளுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து உங்களையும் பொய்க்காரியாக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்போது பூவம்மாள் எழுந்தாள். "ரெண்டு பேருமே வெக்கப்பட்டுக்கிட்டுதான் சொல்றாங்க சார். அதை வுட்டுட்டுத் தண்ணியப் பாருங்க. கெணறு எங்கயும் ஓடிப்போவல" என்றாள்.

அதிகாரி தாளை மடித்து வைத்துவிட்டு, நாளைக்கே வந்து பார்க்கிறோம் என்றார். மறுநாள் பாஸ்கரன் சாரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் என் கிணற்றுக்கு வந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. நான்தான் வாளியை இறக்கினேன். அந்த மஞ்சள் தண்ணீரை இத்தனை பேர் பார்க்க மேலே இழுத்ததுபோல ஒரு கஷ்டம் எனக்கு இருந்ததில்லை. சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பூவம்மாள் கிணற்றிலும் எடுத்தார்கள். பாஸ்கரன் சார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் மெமோ, உங்களுக்கும் மெமோ வந்திருக்கிறதாம். உங்களைப் பயிற்சி முடிவதற்கு முன்பே திரும்பக் கூப்பிடுவார்கள் என்று கண்டக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக் குழிக்கு அனுமதியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி வைத்திருக்கிறார்களா, இல்லை என்றே சொல்லிவிட்டார்களா என்று தெரியவில்லை. தாளில் நீளமான சொல்லாகப் போட்டிருக்கிறார்கள். லாரிகள் மட்டும் வருவதில்லை.

நேற்று ரிசல்ட் வந்து, பெயிண்ட் டப்பாவோடு ஒரு ஆள் வந்தார். இரண்டு கிணற்றுச் சுவரிலும் சிவப்பில் எழுதிவிட்டுப் போனார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. பூவம்மாள் மட்டும் வந்தாள். "படிண்ணா" என்றாள்.

முடியாது, முனிலட்சுமி வரட்டும், என்னை நம்பாதே என்றேன்.

"நீதான் படிக்கணும்" என்றாள்.

கிட்டே போய் நின்று விரலை வைத்துப் படித்தேன். "இந்த. நீர். குடிக்க. உகந்த..." அங்கே மூச்சு வாங்க நின்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "குடிக்கலாம்னு போட்டிருக்குதா?" என்றாள். அடுத்து இருந்ததையும் சேர்த்துப் படித்தேன். "உகந்ததல்ல."

"முழுசா ஒரே மூச்சுல படி."

"இந்த நீர் குடிக்க உகந்ததல்ல."

"இன்னொரு தடவை."

படித்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னாள், சத்தமாகப் படித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தச் சொற்கள் தடங்கலில்லாமல் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சொந்தக் கிணறு கெட்டுப்போனதைப் படித்துச் சந்தோஷப்படுகிறானே என்று அடுத்த நொடியே வெட்கம் வந்தது. பூவம்மாள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தாள். அங்கே எங்கள் தெரு முழுவதும் இப்போது வரிசையில் நிற்கிறது.

போகும்போது, உங்களுக்குக் கடிதம் எழுதுவாயா என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். நின்று நிதானமாக உங்களைத் திட்டினாள். பாஸ்கரன் சாரையும் சேர்த்து. அதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறாள், நான் நயமாக மாற்றி எழுதினால் முனிலட்சுமியை வைத்துப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவாளாம். அந்தச் சொற்களில் பாதிக்கு எனக்கு எழுத்து வராது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் வகுப்புக்குப் போகிறேன். கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றுகூட விடாமல் அடுத்த வாரம் எழுதி அனுப்புகிறேன்.

திம்மப்பன்